வீட்டுக் கணினிக்கு இலவச ஆண்டிவைரஸ்: எது போதும், எப்படி அமைப்பது?

மடிக்கணினியைப் பழுது பார்க்கக் கொண்டு போனால் பட்டணத்துக் கடைகளில் தவறாமல் வரும் ஒரு கேள்வி உண்டு. "அண்ணே, ஆண்டிவைரஸ் போட்டுத் தரவா? வருசத்துக்குக் கொஞ்சம் வெள்ளிதான்." வேண்டாம் என்று சொல்லவும் மனம் வராது. வீட்டில் இருப்பது ஒரே கணினி. மகளின் பள்ளிப் பாடம், மகனின் விளையாட்டு, அம்மாவின் வங்கிக் கணக்கு, அப்பாவின் ஊழியர் சேமநிதிக் கணக்கு, பத்து வருடக் குடும்பப் படங்கள் எல்லாம் அதில்தான் கிடக்கின்றன.

அந்தக் கணினி விண்டோஸ் 10 அல்லது 11இல் இயங்குகிறது என்றால், பெரும்பாலான வீடுகளுக்குப் போதுமான ஆண்டிவைரஸ் அதற்குள்ளேயே இருக்கிறது. காசு கொடுக்க வேண்டியதில்லை, எங்கும் போய்ப் பதிவிறக்கம் செய்ய வேண்டியதும் இல்லை. அது விழித்திருக்கிறதா, யாராவது அதை அணைத்து வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. கடைக்குப் போய் வந்த கணினிகளிலும் கைமாறி வந்த கணினிகளிலும் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

உள்ளேயே இருக்கும் காவலாளி

நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் எனத் தமிழில் வழங்கப்படும் ஆண்டிவைரஸ், தோட்டத்து வாசலில் நிற்கும் ஜாகாவைப் போன்றது. தெரிந்த திருடர்களின் படங்கள் அதனிடம் இருக்கும். உள்ளே வரும் ஒவ்வொரு கோப்பையும் அந்தப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஆனால் நாள்தோறும் புதுத் திருடர்கள் முளைப்பதால் படம் மட்டும் போதாது. ஒரு நிரல் திடீரென்று நூற்றுக்கணக்கான கோப்புகளைப் பூட்டத் தொடங்கினால், அது யாரென்று தெரியாவிட்டாலும் அதன் நடத்தையை வைத்தே தடுத்து நிறுத்தும் வேலையையும் இன்றைய ஆண்டிவைரஸ்கள் செய்கின்றன. சந்தேகமான கோப்பைப் பற்றி இணையம் வழியே தலைமையகத்திடம் கேட்டு முடிவெடுப்பதும் உண்டு.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2009இல் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் என்ற இலவச ஆண்டிவைரஸை வெளியிட்டது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் அது விண்டோஸ் டிஃபெண்டர் என்ற பெயரில் விண்டோஸுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. இன்று அதன் பெயர் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆண்டிவைரஸ்.

"விண்டோஸோட வர்றது சும்மா, அதை நம்ப முடியாது" என்று இன்னமும் சிலர் சொல்வதற்குக் காரணம் அந்தத் தொடக்க காலம்தான். அப்போது ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வுக்கூடச் சோதனைகளில் அது பின்தங்கியே இருந்தது. இப்போது நிலைமை வேறு. அண்மைய ஆண்டுகளில் ஏவி-டெஸ்ட் சோதனைகளில் கட்டண மென்பொருள்களுக்கு நிகரான புள்ளிகளை அது பெற்று வருகிறது. ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸும் இத்தகைய சோதனைகளை நடத்துகிறது. இரண்டு ஆய்வுக்கூடங்களின் முடிவுகளையும் அவற்றின் இணையத்தளங்களில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். கடைக்காரர் சொல்வதையோ யூடியூப் காணொளியையோ நம்புவதைவிட அது நல்லது.

மற்ற 'இலவச' மென்பொருள்கள்

அவாஸ்ட், ஏவிஜி, அவிரா, பிட்டிஃபெண்டர், காஸ்பர்ஸ்கி ஆகியவையும் இலவசப் பதிப்புகளைத் தந்துள்ளன. அவற்றின் பிடிக்கும் திறனில் பெரிய குறை சொல்ல முடியாது. ஆனால் நிறுவனம் நடத்த எங்கிருந்தோ காசு வர வேண்டுமே! பெரும்பாலும் அது விளம்பரமாக வருகிறது. "உங்கள் கணினியில் 14 பிரச்சினைகள் உள்ளன, சரிசெய்யச் சொடுக்கவும்" என்று அடிக்கடி எழும்பும் பெட்டிகள் அந்த வகை. சொடுக்கினால் கட்டணப் பதிப்பை வாங்கச் சொல்லும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இது வீண் பயத்தை உண்டாக்கும். அதைவிட மோசம், உண்மையான எச்சரிக்கைக்கும் விற்பனைப் பேச்சுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும்.

சில வேளைகளில் அந்தக் காசு பயனரின் தகவலிலிருந்தும் வந்திருக்கிறது. அவாஸ்ட் தன் துணை நிறுவனமான ஜம்ப்ஷாட் வழியாகப் பயனர்களின் இணைய உலாவல் விவரங்களை விற்று வந்தது 2020 ஜனவரியில் அம்பலமானது. ஜம்ப்ஷாட் உடனே மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் அமெரிக்கக் கூட்டரசு வாணிப ஆணையம் அவாஸ்ட் மீது 1 கோடியே 65 லட்சம் அமெரிக்க டாலர் விதித்து, விளம்பர நோக்கில் அத்தகைய தகவல்களை விற்கவும் தடை போட்டது. பாதுகாப்புக்காகப் போட்ட மென்பொருளே வேவு பார்த்த கதை இது.

போட்டி நிறைய இருப்பது போலத் தோன்றினாலும் இந்தத் துறையில் பல பெயர்களுக்குப் பின்னால் இருப்பது ஒரே முதலாளிதான். ஏவிஜியை 2016இல் அவாஸ்ட் வாங்கியது. அவிராவை நார்ட்டன் வாங்கியது. பின்னர் 2022இல் நார்ட்டனும் அவாஸ்டும் இணைந்து ஜென் டிஜிட்டல் என்ற நிறுவனமாயின. ஆக, அவாஸ்டை நீக்கிவிட்டு ஏவிஜி போடுவது கடை மாறியதாகாது. காஸ்பர்ஸ்கி ரஷ்ய நிறுவனம். தேசியப் பாதுகாப்பைக் காரணம் காட்டி அமெரிக்கா 2024இல் அதன் விற்பனையைத் தன் நாட்டில் தடை செய்தது. அந்தத் தடை மலேசியாவையோ சிங்கப்பூரையோ கட்டுப்படுத்தாது.

இவற்றில் ஒன்றைத்தான் போட வேண்டும் என்று முடிவெடுத்தால் நான்கு விஷயங்களில் கவனம் தேவை. நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்திலிருந்து மட்டுமே பதிவிறக்கம் செய்ய வேண்டும். கூகுள் தேடலில் முதலில் வருவது விளம்பரமாகவும் இருக்கலாம், போலியாகவும் இருக்கலாம். நிறுவும்போது உடன் வரும் உலாவி, கருவிப்பட்டை ஆகியவற்றின் டிக்குறிகளை எடுத்துவிட வேண்டும். தகவல் பகிர்வு தொடர்பான தெரிவுகளை அணைக்க வேண்டும். இலவசப் பதிப்புக்கு எந்தக் காரணத்துக்காகவும் வங்கி அட்டை எண்ணைக் கொடுக்கக்கூடாது. '30 நாள் இலவசம்' என்று அட்டை எண் கேட்பது இலவசப் பதிப்பு அல்ல. ரத்து செய்ய மறந்தால் 31ஆம் நாள் பணம் போய்விடும்.

இரண்டு ஆண்டிவைரஸ்களை ஒரே நேரத்தில் ஓடவிடுவது கூடாது. ஒன்றையொன்று திருடன் என்று நினைத்து மல்லுக்கு நிற்கும், கணினியும் தவழத் தொடங்கும். வேறொன்றை நிறுவினால் டிஃபெண்டர் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பு மட்டும் விதிவிலக்கு. சோதனைக் காலம் முடிந்த பின் அது சொன்னால்தான் வேலை செய்யும், எப்போதும் காவல் நிற்காது. எனவே சந்தேகம் வரும்போது இரண்டாவது மருத்துவரிடம் காட்டுவது போல அதைப் பயன்படுத்தலாம்.

காலாவதியான காவல்

புதிய மடிக்கணினிகள் பலவற்றில் மெக்காஃபி அல்லது நார்ட்டன் சோதனைப் பதிப்பு முன்கூட்டியே போடப்பட்டிருக்கும். தவணை முடிந்ததும் அது புதுப்பிக்கச் சொல்லி நச்சரிக்கும். அந்தப் பெட்டியை மூடிவிட்டு மாதக்கணக்கில் அப்படியே பயன்படுத்தும் வீடுகள் ஏராளம். காசு கட்டப்போவதில்லை என்றால் அதை அங்கேயே வைத்திருப்பதில் பயனில்லை. செட்டிங்ஸ் பகுதியில் ஆப்ஸ், அதில் இன்ஸ்டால்ட் ஆப்ஸ் என்ற பட்டியலுக்குப் போய் அதை நீக்கி, கணினியை மறுபடி தொடக்க வேண்டும். பிறகு டிஃபெண்டர் பொறுப்பேற்றுக்கொண்டதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

அமைக்கும் முறை

ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் கேடயச் சின்னம் கொண்ட பகுதி திறக்கும். பச்சை நிற டிக் இருந்தால் நல்லது. மஞ்சளோ சிவப்போ இருந்தால் அதைச் சொடுக்கி என்ன கேட்கிறது என்று படிக்க வேண்டும்.

உள்ளே 'வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்‌ஷன்' என்ற பகுதியில் 'மேனேஜ் செட்டிங்ஸ்' இருக்கும். அங்கே 'ரியல் டைம்', 'கிளவுட் டெலிவர்ட்', 'டேம்பர்' ஆகிய மூன்று புரொடெக்‌ஷன்களும் ஆன் நிலையில் இருக்க வேண்டும். முதலாவது எப்போதும் விழித்திருக்கும் காவல். இரண்டாவது இணையம் வழி ஆலோசனை. மூன்றாவது, வேறு நிரல்கள் இந்தக் காவலை அணைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் பூட்டு.

அதே பக்கத்தின் கீழே 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' என்றொரு பட்டியல் உண்டு. பலரும் எட்டிப் பார்க்காத இடம் இது. சோதனையிலிருந்து விலக்களிக்கப்பட்ட கோப்புறைகள் இங்கே இருக்கும். திருட்டு விண்டோஸ், திருட்டு ஆஃபிஸ் ஆகியவற்றை இயக்கும் 'கிராக்' நிரல்கள் தங்களைத் தாங்களே இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்வது உண்டு. சில வேளைகளில் சி டிரைவ் முழுவதற்குமே விலக்கு கொடுக்கப்பட்டிருக்கும். வாசலில் காவலாளி நிற்கிறான், ஆனால் யாரையும் பார்க்காதே என்று அவனிடம் சொல்லியாகிவிட்டது! வீட்டில் யாரும் சேர்க்காத எதுவும் அங்கே இருந்தால் நீக்கிவிட வேண்டும். 'இதை உங்கள் நிர்வாகி கட்டுப்படுத்துகிறார்' என்ற பொருளில் ஆங்கிலச் செய்தி வந்து அமைப்பை மாற்ற முடியாமல் போனால், அது பள்ளியோ அலுவலகமோ கொடுத்த கணினியாக இருக்க வேண்டும். சொந்தக் கணினியில் அப்படி வந்தால் ஏதோ ஒரு நிரல் கைவைத்திருக்கிறது என்று பொருள்.

அடுத்து 'ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்' பகுதி. அங்குள்ள 'ரெப்யூட்டேஷன் பேஸ்ட் புரொடெக்‌ஷன்' அமைப்பில், வேண்டாத செயலிகளைத் தடுக்கும் தெரிவை ஆன் செய்ய வேண்டும். வைரஸ் என்று சொல்ல முடியாத, ஆனால் உலாவியின் முகப்பை மாற்றி விளம்பரம் கொட்டும் தொல்லைகளை இது தடுக்கும்.

'ரேன்சம்வேர் புரொடெக்‌ஷன்' என்ற பகுதியில் இருக்கும் 'கன்ட்ரோல்ட் ஃபோல்டர் ஆக்சஸ்' பொதுவாக அணைந்தே இருக்கும். அதை ஆன் செய்தால், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற கோப்புறைகளில் அறிமுகமில்லாத நிரல்கள் கைவைக்க முடியாது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணயம் கேட்கும் நச்சுநிரல்களுக்கு எதிரான நல்ல அரண் இது. ஆனால் தொல்லையும் உண்டு. சில விளையாட்டுகளும் பழைய மென்பொருள்களும் கோப்பைச் சேமிக்க முடியாமல் நிற்கும். அவற்றுக்குத் தனித்தனியாக அனுமதி கொடுக்க வேண்டிவரும். குடும்பப் படங்கள் அந்தக் கணினியில் மட்டுமே இருக்கின்றன என்றால் அந்தச் சிரமத்தை ஏற்றுக்கொள்வது மேல். அதைவிட மேல், படங்களை ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, நகலெடுத்த பின் அதைக் கழற்றி அலமாரியில் வைப்பது. செருகியே வைத்திருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

எல்லாம் முடிந்த பின் ஒருமுறை 'ஃபுல் ஸ்கேன்' ஓட்டிவிடலாம். பழைய கணினியில் மணிக்கணக்கில் எடுக்கும் என்பதால் மின்னூட்டியைச் செருகிவிட்டு இரவில் விடுவது வசதி. காவல் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று சோதிக்க, ஐகார் எனப்படும் 68 எழுத்துகள் கொண்ட சோதனைக் கோப்பு இருக்கிறது. எந்தத் தீங்கும் செய்யாது. ஆண்டிவைரஸ்கள் அனைத்தும் அதைப் பிடிக்க வேண்டும் என்பது துறை சார்ந்த உடன்பாடு. ஐகார் அமைப்பின் இணையத்தளத்திலிருந்து அதைப் பதிவிறக்க முயன்றால் டிஃபெண்டர் உடனே தடுக்க வேண்டும். தடுக்கவில்லை என்றால் மேற்சொன்ன அமைப்புகளைத் திரும்பப் பார்க்க வேண்டியதுதான்.

பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு

இல்லிருப்புக் கற்றல் காலத்தில் அவசரமாக வாங்கிய கணினிகளில் குடும்பம் முழுவதும் ஒரே பயனர் கணக்கைப் பயன்படுத்தும் பழக்கம் பல வீடுகளில் அப்படியே தொடர்கிறது. அது நிர்வாகி அதிகாரம் கொண்ட கணக்கு. இலவச ரோபக்ஸ் தருகிறேன், மைன்கிராஃப்ட் மோட் தருகிறேன் என்று சொல்லும் தளத்திலிருந்து பிள்ளை எதையாவது இறக்கி ஓட்டினால், அந்த நிரலுக்கு அம்மாவின் வங்கிக் கணக்கு திறக்கும் அதே உலாவி கிடைத்துவிடுகிறது. உலாவியில் சேமித்து வைத்திருக்கும் கடவுச்சொற்களை அள்ளிக்கொண்டு போவதற்கென்றே இன்று தனி ரக நச்சுநிரல்கள் உள்ளன.

செட்டிங்ஸ் பகுதியில் அக்கவுண்ட்ஸ் என்பதற்குள் போய், பிள்ளைகளுக்கு 'ஸ்டாண்டர்ட் யூசர்' வகைக் கணக்கைத் தனியே உருவாக்கிக் கொடுக்கலாம். கணினி முழுவதையும் பாதிக்கும் மென்பொருள் எதையும் நிறுவ வேண்டுமானால் பெற்றோரின் கடவுச்சொல்லை அது கேட்கும். ஆண்டிவைரஸ் வாங்கச் செலவழிப்பதைவிட இந்தப் பத்து நிமிட வேலை அதிகம் காப்பாற்றும். "முதலில் ஆண்டிவைரஸை அணைத்துவிட்டு இதை நிறுவவும்" என்று எந்தக் குறிப்பாவது சொன்னால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லி வைப்பது நல்லது.

போட்டோஸ்டேட் கடையும் பென்டிரைவும்

வீட்டில் அச்சுப்பொறி இல்லாத குடும்பங்களில் பள்ளிப் பணியை அச்சிடப் பென்டிரைவோடு கடைக்குப் போவது வழக்கம். நாள் முழுவதும் ஊரார் பென்டிரைவ்கள் ஏறி இறங்கும் கணினி அது. திரும்பி வந்து பார்த்தால் கோப்புறைகள் எல்லாம் மாயமாகி, அதே பெயரில் குறுக்குவழிச் சின்னங்கள் மட்டும் இருக்கும். சொடுக்கினால் நச்சுநிரல் வீட்டுக் கணினிக்கும் தாவும்.

இப்படி நடந்தால் பதற்றப்பட்டு ஃபார்மெட் செய்துவிடக் கூடாது. கோப்புகள் பெரும்பாலும் அழிந்திருக்காது, மறைக்கப்பட்டிருக்கும். குறுக்குவழிகளைத் தொடாமல், பென்டிரைவின் மீது வலப்பக்கச் சொடுக்கு செய்து டிஃபெண்டரால் சோதிக்க வேண்டும். பிறகு ஃபைல் எக்ஸ்புளோரரின் வியூ பட்டியலில் மறைந்த கோப்புகளைக் காட்டும் தெரிவை ஆன் செய்தால் பல வேளைகளில் அவை தென்படும். கடைக்கென்றே ஒரு பென்டிரைவை ஒதுக்கி, அச்சிட வேண்டிய கோப்பை மட்டும் அதில் கொண்டு போவது எளிய வழி. கடைக் கணினியில் சொந்த மின்னஞ்சல் கணக்கைத் திறப்பது அதைவிட ஆபத்து.

அதே வியூ பட்டியலில் கோப்புப் பெயரின் ஒட்டுகளைக் காட்டும் தெரிவும் உண்டு. அதையும் ஆன் செய்யலாம். 'அழைப்பிதழ்.பிடிஎஃப்' என்று தெரிவது உண்மையில் 'அழைப்பிதழ்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' ஆக இருந்தால் அப்போது கண்ணில் பட்டுவிடும்.

விண்டோஸ் 10 வைத்திருப்போர் கவனத்திற்கு

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. டிஃபெண்டருக்கான நச்சுநிரல் பட்டியல் 2028 அக்டோபர் வரை வந்துகொண்டிருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்துள்ளது. அதை வைத்து நிம்மதியடைய முடியாது. ஜாகாவுக்குப் படங்கள் வரும், ஆனால் வேலியில் விழும் ஓட்டைகளை அடைக்க ஆள் வராது.

ஓட்டை எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2017 மே மாதம் பரவிய வான்னாக்கிரை காட்டியது. அது நுழைந்த ஓட்டைக்கான அடைப்பை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. புதுப்பித்த கணினிகளுக்குள் அந்த வழியாக அதனால் நுழைய முடியவில்லை. புதுப்பிக்காமல் விட்டவை ஏறத்தாழ 150 நாடுகளில் மாட்டிக்கொண்டன.

வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் அப்டேட் பகுதியில் அதற்கான இணைப்பு காட்டப்படுகிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை அதனோடு ஒத்திசைத்தால் கட்டணம் இல்லை. கணினிக்குத் தகுதி இருந்தால் விண்டோஸ் 11க்கு மாறுவதும் இலவசமே. இரண்டாம் கை மடிக்கணினி வாங்க நினைப்போர் இதை மனத்தில் வைக்க வேண்டும். இன்டெல் சில்லு என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதும்தான் விண்டோஸ் 11ஐ முறையாக ஏற்கும். சில நூறு வெள்ளிக்கு மலிவாகக் கிடைக்கும் 6ஆம் தலைமுறைக் கணினியில் அது முடியாது.

ஆப்பிளின் மேக் கணினிகளில் எக்ஸ்புரொடெக்ட் என்ற காவல் உள்ளமைந்திருக்கிறது. மேக்ஓஎஸைப் புதுப்பித்து வைத்திருந்தால் வீட்டுப் பயன்பாட்டுக்குப் பெரும்பாலும் போதும்.

எந்த ஆண்டிவைரஸாலும் தடுக்க முடியாதது

திரை முழுவதும் சிவப்பாகி, "உங்கள் கணினி பாதிக்கப்பட்டுள்ளது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்று அலறும் பக்கம் வைரஸ் அல்ல. அது வெறும் இணையப் பக்கம். தன்னுடைய எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. உலாவியை மூடினால் போதும். மூட முடியவில்லை என்றால் கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜர் வழியாக மூடலாம். அந்த எண்ணை அழைத்தால் மறுமுனையில் பேசுபவர் எனிடெஸ்க் போன்ற தொலைக் கட்டுப்பாட்டு மென்பொருளைப் போடச் சொல்வார். அது முறையான மென்பொருள் என்பதால் ஆண்டிவைரஸ் தடுக்காது. கதவைத் திறந்துவிட்டது வீட்டுக்காரரே என்றால் ஜாகா என்ன செய்வான்? டிஏசி எண்ணையும் வங்கிக் கடவுச்சொல்லையும் தானே சொல்லிவிடும் நிலையும் அதுதான்.

பாதிக்கப்பட்டுவிட்டால்

முதலில் இணையத் தொடர்பைத் துண்டிக்க வேண்டும். பிறகு டிஃபெண்டரின் ஸ்கேன் தெரிவுகளில் உள்ள 'ஆஃப்லைன் ஸ்கேன்' என்பதை ஓட்டலாம். கணினி மறுபடி தொடங்கி, விண்டோஸ் விழிப்பதற்கு முன்பே சோதிக்கும் முறை இது. ஏறத்தாழ 15 நிமிடம் ஆகும். ஒளிந்திருக்கும் நிரல்களுக்கு ஏற்றது. கடவுச்சொற்களை அந்தக் கணினியில் மாற்றக் கூடாது, வேறொரு சாதனத்தில் மாற்ற வேண்டும். மின்னஞ்சல் முதலில், வங்கி அடுத்து, மற்றவை பிறகு.

கோப்புகள் பூட்டப்பட்டுப் பணயம் கேட்கப்பட்டால், கட்டுவதற்கு முன் 'நோ மோர் ரேன்சம்' தளத்தைப் பார்க்கலாம். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016இல் தொடங்கியது. சில வகைப் பூட்டுகளுக்கு அங்கே இலவசச் சாவி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் இல்லை.

வங்கிப் பணம் வெளியேறியிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வங்கியையும் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணையும் அழைத்து, பிறகு காவல் நிலையத்தில் புகார் செய்ய வேண்டும். கணினி ஊடுருவல் குறித்து சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 பிரிவை 1-300-88-2999 என்ற எண்ணில் தொடர்புகொள்ளலாம். சிங்கப்பூரில் மோசடி தொடர்பான உதவிக்கு 1799.